வியாழனிலிருந்து ஒன்றரை அகலம்

நான் ஊர் சுற்றக் கிளம்பியது ஒரு புதன்கிழமை, மழை விட்ட காலை. அத்தை என் கோட்டுக்குக் கைமடிப்பு தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தது நான். கண் அழுத்த நோய் அவள் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுவருகிறது, போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"நான் போகலை அத்தை."

"போடி பைத்தியம். நீயும் கூட உக்காந்தா ரெண்டு பேரும் சேந்து ஒரே இருட்டப் பாக்கணும். வாரா வாரம் நிலாக் கணக்கு அனுப்புறேன். அது தப்பா வந்தா அன்னிக்குப் பொட்டியக் கட்டு."

அத்தை ஆல்டரேஷன் தைப்பவள். சலவைக் கடைக்கு மேல் அவள் அறை, அதற்கு மேல் மொட்டைமாடி, அங்கே ஒரு பழைய தொலைநோக்கி. பொழுது சாய்ந்ததும் வியாழனைப் பிடிப்பாள். அதன் இருபுறமும் நான்கு நிலாக்கள் சட்டைப் பித்தான்போல ஒரே வரிசையில் நிற்கும். கோளின் அகலம்தான் அளவுகோல். "கிழக்கே ஒண்ணரை அகலம், மேற்கே நாலேகால்" என்று கண்ணளவில் சொல்லி, வானம் பார்ப்போர் சங்கத்துக்கு அனுப்புவாள். நிலாக்கள் எங்கே நிற்கும் என்று அச்சிட்ட அட்டவணையை முன்கூட்டிப் பார்க்கமாட்டாள். பார்த்தால் கண் அதற்கு ஒத்து ஊதுமாம்.

துறைமுக விடுதிகளிலும் பேருந்து நிலையங்களிலும் கைபேசியில் அவள் குரலில் கணக்கு வந்தது. அட்டவணையோடு ஒப்பிடுவேன். சில மாதங்களில் அச்சாகப் பொருந்தத் தொடங்கியது. அத்தையா கொக்கா என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஊருக்குச் சீட்டு எடுப்பேன்.

மூன்றாம் ஆண்டு திரும்பினேன். கதவைத் திறந்த அத்தை என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்து, "யாரு?" என்றாள்.

சலவைக் கடை அக்கா அட்டவணையை வாசிக்க, அத்தை அதையே எனக்கும் சங்கத்துக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றாள் அக்கா. "உங்க அத்தை யார் பேச்சக் கேட்டா?"

"எப்பலேர்ந்து அத்தை?"

"நீ போன மொதக் குளிர்காலம். அத விடு. உங்கிட்ட சொன்ன பொய் வீட்டோட போயிடும். சங்கத்துல சொன்னது நிக்கும்டி. எடுத்துடச் சொல்லி எழுது. பழசையும் சேத்துத் தூக்கிப் போட்டுடுவாங்களோ?"

எழுதினேன். தபால் சத்தம் கேட்டால் தடவித் தடவித் தைக்கிற அத்தையின் கை அப்படியே நிற்கும். மறு வருடம்தான் பதில் வந்தது. வாசித்துக் காட்டினேன்:

"அம்மா, உங்கள் பழைய கணக்குகள் பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் சொல்லும் அந்தக் குளிர்காலத்திலிருந்து வந்தவற்றை அப்போதே தனியே எடுத்துவைத்துவிட்டோம். அதுவரை உங்கள் அளவு எப்போதும் அட்டவணையைவிட ஒரு இழை கூட இருக்கும். திடீரென்று பிழையே இல்லை. பார்க்கிற கண்ணுக்குப் பிழை உண்டு. எங்களுக்குப் புரிந்தது. கேட்கத்தான் மனம் வரவில்லை."