ஸ்டீபன் அண்ணாவின் இரண்டு ஆழங்கள்

ஸ்டீபன் அண்ணா இறந்துவிட்டாராம்.

காலையில் கம்பெனி பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டும்போது எங்கள் புரொடக்‌ஷன் லைனின் வாட்ஸப் குரூப்பில் மெசேஜ் வந்தது. போட்டோ, பெயர், வயது 43, நாளை காலை அடக்கம்... கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. குவாலிட்டி இன்ஸ்பெக்டர்.

அதுவும் இந்தக் குரூப்... கேண்டீன் மாஸ்டர் உயிரோடு தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஆர்ஐபி போட்டவர்கள். அண்ணா நம்பருக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். அதையும் நம்பவில்லை.

அண்ணாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடத்தில் எங்கள் பிளான்டில் மெயின்டனன்ஸ் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கம். வடக்குப்பட்டில் நாலைந்து பேரோடு ரூம்.

ஷிப்ட் இல்லாத ஞாயிறு என்றால் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிவிடுவார். கேட்டால் ஸ்கூபா டைவிங் என்பார். முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போகிறாராம்.

யார் நம்புவது? இங்கே இருந்து பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். கடலுக்கு அடியில் போய் வருகிற ஆள் ஒரு நண்டுகூடக் கொண்டுவந்ததில்லையே என்று கேண்டீனில் ஆரம்பித்து வைத்ததே நான்தான்.

பேச்சு காதுக்குப் போயிருக்கும் போல. ஒருநாள் லாக் புக்கைக் கொண்டுவந்து என் டேபிளில் வைத்தார்.

ஒவ்வொரு தடவை இறங்கியதற்கும் ஒரு பக்கம். எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு நேரம், தண்ணீர் தெளிவா கலங்கலா, என்ன பார்த்தார், கூட இறங்கியவரின் கையெழுத்து.

அதே விவரம் போனிலும் இருந்தது. தண்ணீருக்குள் கையில் கட்டிக்கொள்ளும் வாட்ச் தானே அளந்து ஆப்புக்கு அனுப்பிவிடுமாம்.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பழக்க தோஷம். புக்கில் பதினைந்து மீட்டர், போனில் பதினேழு. அடுத்த பக்கமும் இடித்தது. ஆள் மாட்டினார் என்று எனக்கு ஒரே குஷி.

"இன்னாண்ணா இது, ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வரல?"

கோபப்படவில்லை. மேலே வந்ததும் போனைத் தொடாமல், ஞாபகத்தில் இருப்பதை முதலில் பேப்பரில் எழுதிவிடுவாராம். அப்புறம்தான் ஆப்பைத் திறப்பாராம். தண்ணீருக்குள் தன் நிதானம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி என்றார்.

"ரெண்டும் அச்சு மாதிரி ஒத்துப்போச்சுன்னாதான் தங்கச்சி சந்தேகப்படணும். ஒங்க செக் ஷீட்ட நான் பாத்ததில்லையா?"

சுருக்கென்றது. ஆடிட்டுக்கு முந்தின நாள், டீ குடித்துக்கொண்டே ஒரே பேனாவில் ஒரு வாரத்து ரீடிங்கை நிரப்புகிற கூத்து எங்கள் லைனில் யாருக்குத் தெரியாது? எல்லா ரீடிங்கும் ஒரே மாதிரி இருந்தால் யாரும் அளக்கவே இல்லை என்று அர்த்தம்.

அன்றைக்கு அவரை நம்பினேன். பிளான்டில் நான் முழுசாக நம்பிய ஒரே ஆள்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமையானால் புக்கும் போனும் என் டேபிளுக்கு வந்துவிடும். டைவ் மாஸ்டர் ஆக வேண்டும், வேலையை விட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குள் போக வேண்டும்... அதுதான் அவர் ஆசை. அதற்கு இந்தப் புக்கைத்தான் காட்ட வேண்டுமாம்.

போன கோடையில் ஒரு திங்கள். வழக்கம்போல ரெண்டையும் வைத்துப் பார்த்தேன். புக்கில் பதினாறு, போனில் பதினாறு. நேரமும் அப்படியே. முந்தின பக்கத்திலும் அதே கதை. என்ன பார்த்தார் என்று எழுதுகிற இடம் மட்டும் காலி.

அண்ணாவும் எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டாரே என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"மேல வந்ததும் ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்கு. போனப் பாத்துத்தான் எழுதுதேன். யார்ட்டயும் சொல்லிராத."

டைவிங் சென்டரில் தெரிந்தால் தண்ணீரில் இறக்க மாட்டார்கள், டைவ் மாஸ்டர் கனவு அதோடு சரி. அந்தப் பயம் அவருக்கு. டாக்டரைப் பார்க்காமல் அடுத்த ஞாயிறு பஸ் ஏறினால் நானே அவர்களுக்குப் போன் போடுவேன் என்றேன். முறைத்தார்.

ஆனால் போனார். இஎஸ்ஐ, அங்கிருந்து சென்னை, ஸ்கேன்... தலைக்குள் கட்டி. அதற்கப்புறம் அவர் கடலில் இறங்கவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து ஒரு தடவை பிளான்டுக்கு வந்தார். மொட்டைத் தலையில் தொப்பி. அடுத்த சீசனுக்கு இறங்கிவிடலாம்தானே என்று கேட்டார். கண்டிப்பாக அண்ணா என்று உடனே தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"ஒனக்குச் சட்டுனு ஒத்துக்கிடுத பழக்கமே கெடையாதே தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதேன்.

இன்று ஷிப்ட் முடிந்து வடக்குப்பட்டில் இறங்கினேன். டீக்கடைச் சுவரில் ரூம் பையன்கள் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், பசைகூடக் காயவில்லை. டைவிங் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரிக்கிற போட்டோ.

போனை எடுத்து போஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குரூப்பில் வயது 43, போஸ்டரில் 44. குரூப்பில் காலை அடக்கம், போஸ்டரில் மாலை.

ரெண்டும் ஒத்துப்போகவில்லை அண்ணா.

நம்பிவிட்டேன்... போயிட்டு வாங்க.