தண்ணிக்குக் கழித்த இரண்டு கிலோ

நனைந்த கொழுந்துக்கு ஒரு வாசனை உண்டு... பச்சையும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், கையில் கொப்பியோடு மூன்று மாதம் அதைச் சுவாசித்தேன்.

அப்போது நான் கொழும்புப் பக்கம் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர். எல்கடுவவில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அது பெரிய உத்தியோகம். கொழுந்தெடுக்கப் போகிற வழியெல்லாம் அம்மா அதைச் சொல்லிக்கொண்டே போவார்.

வேலை இதுதான். நிழல் மரம் உள்ள ஒரு துண்டு நிலம், இல்லாத ஒரு துண்டு. இரண்டிலும் வாரா வாரம் எடுக்கும் கொழுந்தை நிறுத்து எழுத வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தராசில் மாட்டி எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன்.

நிழலில் கொழுந்து குறைவாகவே வந்தது. ஒவ்வொரு வாரமும் குறைவு... நாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. புதுக் கண்டுபிடிப்பென்று பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டுரை எழுதத் தொடங்கினோம். முதன்முறையாக என் பெயரும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, பஸ்ஸில் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். சொல்ல வெட்கம்தான், ஆனால் உண்மை.

கடைசி வாரம் உதவிக்கு ஜூனியர் ரிஸ்வானா வந்தாள். மாத்தளை டவுன் பிள்ளை, மடுவத்தை அன்றுதான் பார்க்கிறாள். கணக்கப்பிள்ளை "பன்னெண்டு" என்றார். எழுதினேன்.

"அக்கா, முள்ளு பதினாலுல நிக்குதே?"

"அது தண்ணிக்கு ரெண்டு கழிச்சிருக்காங்க," என்றேன், தலை நிமிராமல்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது...

மூன்று மாதமாக நான் தராசைப் பார்க்கவே இல்லை. எங்கள் லயத்தில் யாரும் பார்ப்பதில்லை. சொல்கிற எண்தான் நிறுவை, அப்படித்தான் வளர்ந்தேன். படித்த படிப்பெல்லாம் அந்த மடுவத்து வாசலிலேயே நின்றுவிட்டது. நிழலில் பனி சீக்கிரம் காயாது, அதனால் அங்கே கழிவு அதிகம். எங்கள் கண்டுபிடிப்பு அவ்வளவுதான்.

கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"ஈரக் கொழுந்துன்னா கழிக்கிறதுதானே மிஸ். ஒங்களுக்குத் தெரியாததா?"

சொல்லாமல் விட்டிருந்தால் பேராசிரியருக்குத் தெரிந்திருக்காது. ரிஸ்வானாவும் வாய் திறந்திருக்க மாட்டாள். இரண்டு நாள் கொப்பியை மூடியே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். கட்டுரை போனது, என் பெயரும் போனது. பேராசிரியர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்... ஈரத்துக்குக் கழிப்பது சரி, அது இரண்டு கிலோ என்று அளந்தது யார்?

யாரும் அளந்திருக்கவில்லை. அதனால் நாங்கள் அளந்தோம். நனைந்த கொழுந்தை நிறுத்து, மேல் ஈரம் போகும்வரை காற்றில் பரப்பி, மறுபடி நிறுத்தோம். எத்தனை தரம் செய்தாலும் அந்தப் பனியீரம் இரண்டு கிலோவுக்குக் கிட்டவும் வரவில்லை.

இப்போது எங்கள் ஆய்வுத் துண்டுகளில் டிஜிட்டல் தராசு. எண் நேரே கணினிக்குப் போகிறது, யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. என் பெயர் போட்ட கட்டுரைகளும் சில வந்துவிட்டன. ஆனால் அந்தத் தண்ணீர் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கூடை சுமந்தவர். மனம் உடைந்துபோவாரோ என்று பயம்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது எப்படியோ சொல்லிவிட்டேன். கழித்ததில் பெரும்பகுதி தண்ணீரே இல்லை அம்மா, கொழுந்துதான் என்று.

அம்மா அடுப்பு விறகை உள்ளே தள்ளினார்.

"தெரியும் புள்ள. சொமந்தவளுக்குத் தெரியாதா... எழுதி வைக்கத்தான் ஆளு இல்ல."