மூச்சு வாங்காத மிஷின்

ஆரணியில் முகூர்த்த மாதம் நெருங்கினால் ஆட்டோக்களில் என் குரல் ஊரைச் சுற்றும். பள்ளியில் கணக்கு டீச்சரான நான், ஓய்வு நேரத்தில் பட்டுக்கடை விளம்பரங்களுக்குப் பாடுவேன். ஜெராக்ஸ் கடை மாடியில் உள்ள சின்ன ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு நடக்கும். அதை நடத்துபவரை அண்ணா என்று கூப்பிடுவேன்.

போன வருடம் ஒரு கடை முதலாளி அண்ணனிடம் வந்து, "இந்தத் தடவ அந்தம்மா வேணாங்க. ஏஐ பாடட்டும். எதிர்க்கடைக்காரனுக்கு வயிறு எரியணும்" என்றிருக்கிறார்.

அண்ணன் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். நாயனம் உட்பட இசையை ஏஐ அழகாகவே போட்டுக் கொடுத்தது. வாயைத் திறந்தபோதுதான் வினை. ஆரணியை 'ஆராணி' என்றது. எத்தனை முறை திருத்தினாலும் புடவையை 'புதவை' என்றே பாடியது. அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, ஜல்தியா வா. ஏஐ மாதிரி பாடணும்."

"அது எப்படிண்ணா?"

"எப்பவும் போலப் பாடு. வெளிய மட்டும் சொல்லாத."

என்னை வேண்டாம் என்றவருக்கு நான் ஏன் பாட வேண்டும்? ரோஷம் வரத்தான் செய்தது. ஆனால் அவரை ஏமாற்றும் ஆசை ரோஷத்தைவிடப் பெரிதாக இருந்தது. பாடிவிட்டேன்.

சனிக்கிழமை முதலாளி கேட்க வந்தார். என்னை அவர் நேரில் பார்த்ததில்லை. நான் மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"இன்னா சுத்தம் பாத்தீங்களா! அந்தம்மா பாடுனா வரிக்கு வரி மூச்சு வாங்கினு கெடக்கும். மிஷினுக்கு மூச்சே இல்ல."

அந்த நிமிடத்தில் பாவப்பட்ட ஒரு மாணவனுக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. பிறகு திருப்பிப் போட்டுவிட்டேன்.

"கடைசி வரில கொஞ்சம் கொஞ்சல் வேணும். மிஷின்கிட்ட சொல்லுங்க" என்றார்.

அண்ணன் முகம் மாறாமல் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "அரை மணி ஆவுங்க. கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் இறங்கியதும் மைக் முன்னால் ஓடினேன். கொஞ்சிக்கொண்டே முடிக்கும்போது அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். வெட்டி எடுக்க நேரமில்லை. படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது.

கேட்டவருக்குக் கண் விரிந்தது. "மிஷின் சிரிக்குதுங்க! இத்த எடுத்துடாதீங்க!"

ஒரு மாதம் அந்தச் சிரிப்பு ஊரைச் சுற்றியது. ஒரு மதியம் ஆட்டோ எங்கள் பள்ளியைத் தாண்டியபோது வகுப்பே என் பக்கம் திரும்பி, "மிஸ், நீங்கதானே!" என்று கத்தியது. அந்த வகுப்பில் முதலாளியின் மகளும் இருந்தாள்.

அன்று மாலை நான் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்தபோதே முதலாளி மாடியேறி வந்துவிட்டார். "ஏமாத்திட்டீங்களேம்மா?"

"ஏமாத்துனது தப்புதாங்க, மன்னிச்சுடுங்க. ஆனா மூச்சு வாங்குச்சா?"

"வாங்கல" என்று ஒத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது இன்னா மிஷின்னு எதிர்க்கடைக்காரன் கேட்டுகினே கீறான். சொல்லிடாதீங்க" என்றார். மூவரும் சிரித்தோம்.

கிளம்பும்போது, "அப்ப நாயனம் வாசிச்சது யாரு?" என்று கேட்டார்.

"அது மட்டும் நெஜமாவே மிஷினுங்க" என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு நின்றது. வழக்கமாக எங்களுக்கு வாசிப்பவர் தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். இந்த முறை அவரை யாரும் கூப்பிடவில்லை. என் ரோஷத்திலும் குறும்பிலும் அவர் நினைவே எனக்கு வரவில்லை.

அடுத்த விளம்பரத்துக்கு அந்த நாயனக்காரர் இல்லாமல் பாடமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவரும் வந்தார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, மிஷினின் நாயனத்தைப் போட்டுக் காட்டினோம். தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார்.

"நல்லாத்தான் வாசிக்குது" என்றார். "சீவாளிய எச்சில்ல ஊற வைக்காம எப்படி வாசிக்குது? அத்தக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுவிட்டு, தன் நாயனத்தின் நாணல் சீவாளியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.