மேலேறிய துளைகள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் பட்டறையில் உலோகம் வெட்டும் ஐந்து அச்சு எந்திரம் ஒன்றுதான். மற்றவை மூன்று அச்சு. அவற்றில் வெட்டும் கருவி இடவலம், முன்பின், மேல்கீழ் என்று மூன்று திசைகளில் மட்டும் நகரும். ஒரு பக்கம் முடிந்ததும் பொருளைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்டவேண்டும். ஒவ்வொரு மாட்டலிலும் ஒரு சிறு பிழை சேரும். ஐந்து அச்சில் ஒருமுறை பிடித்தால் போதும். பொருளைத் தாங்கும் மேசையே சுழலும், தொட்டில்போலச் சாயும். மிகக் கனத்த பொருள்களுக்கு மேசையை அசைக்காமல் கருவியின் தலையே சாயும் வகையும் உண்டு. அதைக் கண்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த எந்திரத்தை ஓட்டியவர் சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை மாரடைப்பில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவள் ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவள், இதே பட்டறையில் மூன்று அச்சில் பழகியவள். காலையில் எந்திரத்தின் கதவுக் கண்ணாடியைத் தொட்டு, இறந்தவரிடம் சொல்வதுபோல், “அண்ணா, ஒழுங்கா ஓட்றேன்” என்று முணுமுணுப்பாள். யாரும் சிரித்ததில்லை. கண்ணாடிக்குப் பின்னால் குளிர்விக்கும் நீர் வழிய, மேசை தானாகச் சாய்ந்து நிமிர்வதை வெகுநேரம் பார்த்தால் அது ஆளில்லாத இடம் என்று தோன்றாது.

ஆயுத பூசை கழிந்த திங்கட்கிழமை, அவள் வெட்டிய அலுமினியப் பம்பு உறைகள் அளவு பார்க்கும் என் அறைக்கு வந்தன. எல்லாம் கழிவு. எந்தப் பக்கத்துத் துளையும் மயிரிழை அளவு மேல்முகத்தை நோக்கி ஏறியிருந்தது. செவ்வாயும் அப்படியே. புதனன்றும் தொடர்ந்தால் அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

“இன்னாம்மா, உங்கண்ணன் இன்னும் ஷிப்ட் முடிச்சிக்கினு போவல போலக்கீது,” என்றார் பக்கத்து எந்திரத்துக்காரர்.

“நீங்க வேற பேஜாரு பண்ணாதீங்க,” என்றவள், என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், “அவருக்கு எம்மேல இன்னாவோ கோவம் சார்,” என்றாள்.

மேசை சுழல்வதில் கோளாறென்றால் பக்கத்துக்குப் பக்கம் பிழை மாறியிருக்கும். எல்லாத் துளையும் ஒரே திசையில் ஏறியிருந்ததால், வெட்டுவதற்கு முன்பே, உயரம் எடுக்கும்போதே தவறியிருக்க வேண்டும். உயரம் எடுப்பது ஒரு தொடுகோல். அதன் நுனியில் மிளகளவு சிவப்புக்கல் குண்டு. அது மேல்முகத்தைத் தொடும் இடமே எல்லா அளவுக்கும் தொடக்கம். புதன் காலை கழற்றிப் பார்த்தோம். குண்டின் அடியில் காய்ந்த சந்தனம்.

“நாந்தான் வெச்சேன். பூசைக்கு அண்ணன் வருசா வருசம் அங்கதான வெப்பாரு.”

அவர் வைத்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். துடைத்ததை ஒருவரும் பார்த்ததில்லை. பூசை முடிந்த மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் துணியால் துடைத்தாள். அடுத்த உறை சரியாக வந்தது, அதற்கடுத்ததும். சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டுப் போனார். பேக்கிங் பேச்சு அதோடு நின்றது.

“அப்ப அண்ணனுக்குக் கோவம் இல்ல,” என்றாள். துடைத்த துணியை மடித்துக்கொண்டே, “அவரு இங்க இல்லவே இல்லியா சார்?”

எந்திரம் பிசகின்றி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் அது அன்றுதான் காலியாகப் பட்டது.