மட்டாஞ்சேரியில் விழுந்த இடத்திலேயே கூடிய சைக்கிள் கமிட்டி

கொச்சிக்குப் போகிறவர்களுக்கு மட்டாஞ்சேரி அரண்மனையையும் மிளகுக் கடைகளையும் பற்றிச் சொல்லும் பதிவுகள் ஏராளம். நான் எழுதப்போவது 1984 பிப்ரவரியில் அங்கே பார்த்த ஒரு சைக்கிள் கமிட்டியைப் பற்றி. அப்போது நான் ஊர் சுற்றப் போகவில்லை, தங்கையிடம் சண்டை போடப் போனேன்.

தங்கை சாவித்திரியைக் கோயம்புத்தூரிலிருந்து மட்டாஞ்சேரிக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். அவளுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி, பள்ளுருத்தியில் தையல் டீச்சர் வேலை. வீட்டில் பத்து மாதக் குழந்தை. மதியம் ஒன்றேகால் மணி நேர இடைவேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பஸ்ஸை நம்பினால் அது நடக்காது. சைக்கிளில் இருபதே நிமிடம் என்பதால் நான்தான் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சைக்கிளில் போகும்போதுதான் பஜார் ரோட்டில் விழுந்துவிட்டாள். கை பிசகியது. மூன்று வாரத்தில் கை சரியாகிவிட்டது, பயம் போகவில்லை. ‘திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். நீங்கள் வந்து பேசினால் கேட்பாள்’ என்று மாப்பிள்ளை கடிதம் எழுதியிருந்தார். ஆனால் நான் கிளம்பும்போதே வேறு முடிவு எடுத்திருந்தேன். ‘பார்த்து ஓட்டத் தெரியாதவளுக்குச் சைக்கிள் எதற்கு’ என்று திட்டிவிட்டு, வண்டியை ரயிலில் புக் பண்ணித் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது. நான் அப்போது நகராட்சியில் சாலை மேற்பார்வையாளன். சாலையில் யார் விழுந்தாலும் ‘ஓட்டியவரின் கவனக்குறைவு’ என்று எழுதிப் பழகிய கை என்னுடையது.

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கோயம்புத்தூரில் ரயில் ஏறினேன். எர்ணாகுளம் சுமார் இருநூறு கிலோமீட்டர். ஐந்து மணி நேரம், டிக்கெட் பதினெட்டு ரூபாய். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போனேன், இருபத்தைந்து நிமிடம். மட்டாஞ்சேரிப் படகுக்கு அறுபது பைசா. முப்பத்தைந்து நிமிடம் காயல் காற்று வாங்கியதில் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. சண்டை போடப் போகிறவர்கள் படகில் போகக் கூடாது.

கரையில் இறங்கியதும் மிளகு நெடி மூக்கில் ஏறியது. புது மிளகு வருகிற பருவம். பஜார் ரோட்டின் இரண்டு பக்கமும் கிடங்குகள், வாசலில் மூட்டை, மூட்டையை ஒட்டி லாரி, லாரியை ஒட்டிக் கைவண்டி. மிச்சமிருந்த சந்தில் மனிதர்களும் சைக்கிள்களும் போய்க்கொண்டிருந்தார்கள். பதினெட்டு அடிச் சாலை என்று கண்ணாலேயே அளந்தேன். தொழில் புத்தி எங்கே போகும்?

வீட்டில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சாவித்திரி சொல்லிவிட்டாள்.

“சைக்கிள எடுத்துட்டுப் போறதுக்குத்தான வந்திருக்கீங்க, எடுத்துட்டுப் போங்கண்ணா. ஆனா நாளைக்கு மீட்டிங் கழிஞ்சிட்டு எடுங்க.”

“என்ன மீட்டிங்? எங்கே?”

“நான் விழுந்த எடத்துல. காலைல எட்டு நாப்பதுக்கு. விழுந்த ஆள் வராம கமிட்டி கூடாது.”

பைத்தியக்கார ஊரில் பெண்ணைக் கொடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

மறுநாள் எட்டரைக்கே அங்கே நின்றேன். கமிட்டி என்றால் மேஜையும் நாற்காலியும் இருக்கும் என்பது என் அனுபவம். இங்கே அந்த வழியாகத் தினமும் சைக்கிளில் போகிற ஏழெட்டுப் பேர் நட்டநடுச் சாலையில் ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடத்துகிறவர் ஹம்சா, சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர், ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை ஹம்சா இக்கா என்றே கூப்பிட்டார்கள், இக்கா என்றால் அங்கே அண்ணன். வழக்கத்தை அவரே எனக்கு விளக்கினார்.

“ஆள் விழுந்தா, விழுந்த எடத்துல, விழுந்த நேரத்துல கூடணும் சாரே. முறிக்குள்ள நாற்காலி போட்டு இருந்து பேசினா எல்லா ரோடும் நல்ல ரோடுதான். நின்னு பார்க்கணும், அப்புறம் எல்லாரும் ஓட்டிப் பார்க்கணும். விழுந்த ஆள் ஓட்டிட்டு ‘சரி’ன்னு சொல்றது வரைக்கும் அந்த எடம் சரியாகல. எஞ்சினியர் சொன்னாலும் ஆகல.”

கடைசி வாக்கியம் எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை என் உத்தியோகத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

அது அந்த இடத்தில் இரண்டாவது கூட்டம். முதல் கூட்டத்திலேயே, சைக்கிள் போவதற்கென்று கிடங்குச் சுவரிலிருந்து ஆறடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே சைக்கிள் போகலாம் என்பது கணக்கு. நான் பார்த்தபோது அந்த ஆறடி முழுக்க மிளகு மூட்டைகள். அதுவும் எப்படி? ஒரு மூட்டையின் காது கூடக் கோட்டுக்கு வெளியே நீட்டவில்லை.

ஹம்சா இக்கா தலையில் கை வைத்தார். சுமைத் தொழிலாளிகளின் தலைவர் ஜோசப் சேட்டன் பெருமையோடு வந்தார்.

“நோக்கு இக்கா, கோடு தெற்றாம அடுக்கியிருக்கோம். ஒரு இஞ்சு பெசகலை.”

கப்பல் சரக்கானாலும் கிடங்குச் சரக்கானாலும், கோடு கிழித்தால் அது மூட்டைக்கான இடம் என்பதுதான் பரம்பரையாக அவர்களுக்குத் தெரிந்த பாடம். இந்தக் கோடு சைக்கிளுக்கு என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஜோசப் சேட்டன் முகம் சிவந்துவிட்டது.

“எங்கிட்ட ஒரு வாக்குச் சொல்லியிருந்தா இது வருமா? கோடு போடறப்ப எங்கள்ல ஒருத்தனக்கூட நீங்க விளிக்கலியே!”

“தெத்து என்னோடதுதான்” என்றார் ஹம்சா இக்கா உடனே. சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. பதினாறு வருடச் சர்வீஸில் ‘தப்பு என்னுடையது’ என்று கமிட்டியில் ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “கல் நட்டுவிடுங்கள்” என்று யோசனை சொன்னேன். “கல்லுல முட்டி விழறதுக்கு இன்னொரு கமிட்டி போடணும் சாரே” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதுவரை ஓரமாக நின்ற சாவித்திரி அப்போதுதான் பேசினாள்.

“சேட்டா, மூட்டைக்கு எத்தன அடி வேணும்?”

“நாலு அடி தாராளம்.”

“அப்ப சுவத்துலருந்து நாலு அடியில மூட்டைக்கே கோடு போட்ருங்களேன். சைக்கிளுக்குக் கோடு வேண்டாம். எங்களுக்கு மிச்சம் கிடைச்சாப் போதும்.”

ஜோசப் சேட்டன் கோட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அது சரியாணு மோளே” என்றார். கிடங்கு மேனேஜரிடம் அவரே பேசி, எட்டிலிருந்து ஒன்பதேகால் வரை லாரிகள் ஒரு பக்கம் மட்டும் நிற்கட்டும் என்றும் சம்மதம் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பஜார் ஓய்ந்திருந்தபோது பழைய கோட்டைக் கழுவிவிட்டுப் புதுக் கோடு போட்டோம். போட்டோம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தது நான், மறுமுனையைப் பிடித்தது ஜோசப் சேட்டனின் ஆட்கள். இருநூற்றுப் பத்தடி. குனிந்து குனிந்து என் இடுப்பு ஒடிந்துவிட்டது. சைக்கிளைத் திருப்பி எடுத்துப் போவது பற்றி நான் பேசவே இல்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கள் எட்டு நாற்பது. மூட்டைகள் நாலடிக்குள் ஒழுங்காக நின்றன. லாரிகள் ஒரே பக்கம். ஜோசப் சேட்டனின் ஆட்கள் முதுகில் மூட்டையோடு கோட்டருகே வந்து, நின்று, பார்த்துத் தாண்டினார்கள். சாவித்திரி சைக்கிளில் வந்தாள். விழுந்த இடத்துக்குப் பத்தடி முன்னால் இறங்கிவிட்டாள். “ஏறு, ஒன்றும் ஆகாது” என்று சொல்லப் போனேன். ஹம்சா இக்கா என் தோளை அழுத்தினார்.

“சரியாகல இக்கா” என்றாள் அவள். “லாரியில கட்டின கயிறு தொங்குது பாருங்க. அன்னைக்கு அதுதான் என் ஹேண்டில்ல மாட்டுச்சு.”

மூன்று வாரமாக யாருக்கும் தெரியாத காரணம் அது. அவளுக்கே அந்தக் கயிறு தொங்குவதைப் பார்த்தபோதுதான் நினைவு வந்ததாம். யாரும் வாதாடவில்லை. வரிசையில் நின்ற ஐந்து லாரிகளின் கயிற்றையும் ஜோசப் சேட்டனின் ஆட்களே சுருட்டிச் செருகினார்கள். டிரைவர்கள் முணுமுணுத்தார்கள், செய்ய விட்டார்கள். எட்டு ஐம்பதுக்கு அவள் ஏறினாள். இருநூற்றுப் பத்தடியையும் தாண்டினாள். முனையில் ஒரு கணம் நின்று, திரும்பாமலேயே “சரி!” என்று கத்திவிட்டுப் பள்ளுருத்தி பக்கம் போனாள். பத்து நிமிடம் தாமதமாகப் போயிருப்பாள்.

ஊர் திரும்பிய பிறகு, நான் ‘கவனக்குறைவு’ என்று எழுதிய இடங்களுக்கு விழுந்த நேரம் பார்த்துப் போய் நின்றேன். முதலில் போன இடத்திலேயே, சாயங்கால வெயில் வளைவில் நேராகக் கண்ணில் அடித்தது. அங்கே விழுந்தவர் ஒரு பால்காரர். அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: எர்ணாகுளத்திலிருந்து படகிலேயே போங்கள், நேரத்தையும் கட்டணத்தையும் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். பஜார் ரோட்டைக் காலை ஒன்பதுக்கு முன் நடந்து பாருங்கள். வாடகைச் சைக்கிள் எடுத்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள், நிற்கும் லாரியை ஒட்டி ஓட்டாதீர்கள். மிளகை ஒரே கடையில் விலை கேட்டு வாங்காதீர்கள்.

அந்தத் திங்கள் மதியம் எனக்கு ரயில் இருந்தது. பன்னிரண்டு இருபதுக்கு வாசலில் சைக்கிள் வந்து நின்றது. சாவித்திரி முகம் கழுவிவிட்டு வந்து, அழுதுகொண்டிருந்த குழந்தையை என் கையிலிருந்து வாங்கி மடியில் போட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அழுகை நின்றது.

“பன்னெண்டு அம்பதுக்குக் கெளம்பணும். பார்த்துட்டு நிக்காம எனக்குச் சோறு போடுங்கண்ணா” என்றாள்.

திட்ட வந்தவன், தட்டெடுத்துப் போட்டேன்.