இன்னொரு டைரக்டரி

எண்பதுகளின் கடைசியில், ஒரு புயலுக்குப் பிறகு, நான் வேலை பார்த்த பொன்னேரி நிவாரண அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வந்தார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. கட்டளையை அடித்து முடித்ததும், என்டரைத் தட்டுமுன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

பசியாவரம் மீனவக் குப்பத்திலிருந்து ஒரு பெண் தினமும் வந்தாள். புயலன்று ஏரியில் மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. நிவாரண முகாம்களில் தங்கியிருந்தவர்களின் பட்டியல்கள் கம்ப்யூட்டரில் ஒரே டைரக்டரியில் இருந்தன. ஆபரேட்டர் அத்தனையிலும் அவள் புருஷன் பெயரை ஒரே கட்டளையில் தேடுவார். பெயர் இருந்தால் அந்த வரி திரையில் வரும். இல்லாவிட்டால் எதுவும் வராது.

"இன்னா சொல்லுது நைனா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"இல்லைனு சொல்லலையே?"

"அப்படிச் சொல்ல அதுக்குத் தெரியாதும்மா."

"அப்போ நாளைக்கு வரேன்" என்று போய்விடுவாள்.

பிணமாகக் கரை ஒதுங்கியவர்களின் பட்டியல்கள் இன்னொரு டைரக்டரியில் சேர்ந்துகொண்டிருந்தன. அங்கே ஏன் தேடவில்லை என்று கேட்டேன்.

"அந்தம்மா முகாம்லதான் சார் பாக்கச் சொல்றாங்க."

ஆனால் தினமும் காலையில், அவள் வரும் பஸ்ஸுக்கு முன்னால், அதே பெயரை அங்கே தேடிவிட்டுத் திரையை அழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் காலை அங்கே தேடியபோது திரையில் ஒரு வரி வந்தது. மறுநாள் முதல் அந்தக் காலைத் தேடல் நின்றுபோனது. அவள் வந்து உட்கார்ந்ததும், விரலைத் துடைத்துக்கொண்டு முகாம்களில் மட்டும் வழக்கம்போலத் தேடினார்.