பெல்ட்டைக் கழற்றிவிட்டு மணல்காட்டில் இருந்து நெல்லியடி வரை

என் கணவர் இறந்து ஒரு வருடப் பூசை முடிந்த அடுத்த சனிக்கிழமை, எங்கள் பழைய டீசல் ஜீப்பை எடுத்துக்கொண்டு மயிலிட்டியில் இருந்து மணல்காட்டுக்குப் போனேன். சவுக்கங்காட்டையும் மணல் மேடுகளையும் பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் என்று ஒரு எண்ணம். ஆட்களை ஏற்றுவதற்கு முன் பாதையைத் தனியாக ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டும் அல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. மணல்காட்டில் இருக்கும் என் அண்ணன் சூசை, ஜீப்பை விற்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார். பொம்பிளை தனியாக இதைக் கட்டி மேய்க்க முடியாது என்பது அவருடைய கதை. அன்று பின்னேரம் நான்கு மணிக்குப் பருத்தித்துறையில் இருந்து ஒருவர் வந்து பார்ப்பார், வண்டியைக் கொண்டுவா என்று போனில் சொல்லிவிட்டார். எனக்கு விற்க மனமில்லை. நேரில் ஓட்டிக் காட்டினால் வாயை மூடுவார் என்று நினைத்துத்தான் புறப்பட்டேன்.

காலை ஆறரைக்கு வெளிக்கிட்டேன். தெல்லிப்பழை, அச்சுவேலி, வல்லை வெளி, நெல்லியடி, அங்கிருந்து குடத்தனைப் பக்கம். மொத்தம் 41 கிலோமீற்றர். கடைசி இரண்டு கிலோமீற்றரைத் தவிர எல்லாம் நல்ல தார் வீதி. வல்லை வெளியில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும், வேகத்தைக் குறையுங்கள். அந்த வெளியில் இவர், என் கணவர், எப்போதும் பாட்டுப் படிப்பார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓடினேன்.

இவருக்குக் கால் நீளம். அவர் இருந்த சீற்றை முன்னுக்கு இழுக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. அதுவரை முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டினேன். வண்டியில் மற்ற எதையும் கழற்றவோ மாற்றவோ தயங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், வண்டியோடு வந்த இங்கிலீசுப் புத்தகம் எனக்கு உதவாது. கண்ணாலும் காதாலும் மூக்காலும்தான் படித்தேன். பவர் ஸ்டியரிங் ஒயில் புதிதாக இருந்தால் செவ்விளநீர்ச் சிவப்பு. பழசானால் தேயிலைச் சாயம். கருகினால் மணமே சொல்லிவிடும்.

மணல்காட்டில் ரயர்க் காற்றைக் குறைத்து, நாலு சில்லும் இழுக்கும் கியரைப் போட்டு மேடு ஏறினேன். முதல் மேடு சுகமாக ஏறியது. இரண்டாவதில் முன் சில்லு புதைந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிப் பிடித்தபடி எஞ்சினை உறுமவைத்தேன். அப்படிச் செய்யவே கூடாது. முழுக்கத் திருப்பிப் பிடித்தால் ஸ்டியரிங்குக்கு ஒயில் தள்ளும் பம்ப் முக்கும், ஒயில் கொதிக்கும். மேட்டில் இருந்து வெளியே வந்தேன், ஆனால் வண்டி கத்தத் தொடங்கிவிட்டது.

அண்ணன் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், எழும்பி வந்தார்.

"மேரி, உது என்ன சத்தம்? உள்ளுக்கை கண்டுக்குட்டி ஏதும் கட்டி வைச்சிருக்கிறியே?"

பொனற்றைத் திறந்தேன். பம்புக்கு ஒயில் திரும்பி வருகிற இறப்பர்க் குழாய் நடுவில் வெடித்திருந்தது. கையில் இருந்த அரைப் போத்தல் ஒயிலை ஊற்றிப் பார்த்தேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் அவ்வளவும் மணலுக்குப் போய்விட்டது.

"அதுக்கென்ன," என்றார் அண்ணன். "சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிச் சுத்து. போட் எஞ்சின் ஒயில் பிளாஸ்ரிக் கானிலை கிடக்கு, அதை ஊத்து. நாலு மணிக்கு அந்தாள் வரேக்கை பஞ்சு மாதிரித் திரும்பும்."

"வேண்டாம் அண்ணை. இவர் ஒருக்கா உப்பிடித்தான் ஊத்தினவர். மூண்டு மாசத்திலை பம்ப் போச்சு."

"சண்டைக் காலத்திலை மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்களடி நாங்கள். எனக்குப் படிப்பிக்கிறியோ?"

"அப்ப வேறை ஒண்டும் இல்லை, ஊத்தினம். இப்ப நெல்லியடியிலை கடை திறந்து கிடக்கு."

"மூண்டு மாசம் அந்தாளின்ரை பாடு. உனக்கென்ன?"

"வாங்கினவர் ஆரைத் திட்டுவார்? செத்துப்போன மனுசனைத்தான் திட்டுவார். என்ரை மனுசனுக்கு அந்தப் பேச்சு வேண்டாம்."

நான் 14ஆம் நம்பர் ஸ்பனர்ச் சாவியை எடுத்துப் பம்பைப் பிடிக்கும் ஆணிகளை இளக்கி, பெல்ட்டைக் கழற்றினேன். ஒயில் இல்லாமல் பம்ப் சுற்றினால் உள்ளே எரிந்துபோகும். பெல்ட் இல்லாவிட்டால் பம்ப் சுற்றாது, ஸ்டியரிங் மட்டும் பாரமாக இருக்கும். எங்கள் ஜீப்பில் அந்தப் பெல்ட் தனி, அதனால் கழற்றலாம். உங்கள் வண்டியில் அதே பெல்ட் எஞ்சினைக் குளிராக்கும் பாகங்களையும் சுற்றினால் தொடவே வேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

"உன்ரை கையாலை திருப்பேலாது பிள்ளை. நான் ஓட்டிறன்."

"நீங்கள் பக்கத்திலை ஏறுங்கோ, பாப்பம்."

மணலில் அந்த இரண்டு கிலோமீற்றருக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்ப முயன்றால் தோள்மூட்டுத்தான் கழலும். முதலில் கொஞ்சம் உருளவிட வேண்டும், பிறகு மேலே பிடித்துக் கீழே இழுக்க வேண்டும், கிணற்றுக் கயிறு மாதிரி. அண்ணன் உதவிக்குக் கையை நீட்டினார். தட்டிவிட்டேன். தார் வீதியில் ஏறியதும் ரயருக்குக் காற்றடித்தோம், அதன் பிறகு பாரம் பாதியாகக் குறைந்தது.

நெல்லியடிச் சந்தியில்தான் சோதனை. வலது பக்கம் திருப்ப வேண்டும், வேகமும் இல்லை. பாதி திருப்பும்போதே பின்னால் வந்த பஸ் கோர்ன் அடிக்கத் தொடங்கியது. எனக்குக் கண்ணுக்குள் வியர்வை. இதில் நின்றால் அண்ணன் சொன்னது சரியாகிவிடும் என்று மட்டும் தெரிந்தது. திரும்பவும் கோர்ன். அண்ணன் யன்னலால் அரை உடம்பை வெளியே போட்டார்.

"பொறடா தம்பி! பவர் இல்லாத ஸ்டியரிங்கை என்ரை தங்கச்சி மணல்காட்டிலை இருந்து திருப்பிக்கொண்டு வாறாள். உன்னாலை ஏலுமெண்டா இறங்கி வா!"

பஸ் டிரைவர் சிரித்துவிட்டுக் கையைக் காட்டினார். நான் திருப்பி முடித்தேன்.

உதிரிப்பாகக் கடையில் ஒயில் தாங்கும் குழாயும் இரண்டு கிளிப்பும் 1,400 ரூபா. சிவப்பு ஒயில் ஒரு லீற்றர் 3,200 ரூபா. கடை வாசலிலேயே நான் மாட்டத் தொடங்கினேன். அண்ணன் கேட்காமலே சாவிகளை எடுத்து எடுத்துத் தந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. பருத்தித்துறைக்காரர்.

"ஓம், சொல்லுங்கோ... இல்லை, வரவேண்டாம்... வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, நல்லா ஓடுது... விலைக் கதை இல்லை ஐயா. என்ரை தங்கச்சி அதை வைச்சிருக்கப் போறாள்."

நான் வண்டிக்குக் கீழே கிடந்தேன். ஒயில் கண்ணில் பட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். அவரும் நம்பினது போலத் துவாயைத் தந்தார்.

பெல்ட்டைப் போடுமுன், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், முன் சில்லை ஜக்கில் உயர்த்தி இரண்டு பக்கமும் பலமுறை திருப்பினேன். ஒயில் இறங்க இறங்க ஊற்றினேன். பிறகு பெல்ட்டைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணித் திரும்பவும் திருப்பினேன். நுரை நின்றதும் அளவு பார்த்து மூடினேன். அவசரப்பட்டு இதை விட்டால் உள்ளே காற்று நிற்கும், புதுக் குழாயோடும் வண்டி கத்தும்.

மணலுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். மாதம் ஒருமுறை ஒயில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், ஊற்றிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். குழாயை விரலால் அமத்திப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். எந்த ஒயில் என்று மூடியிலோ புத்தகத்திலோ போட்டிருக்கும், வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். வெட்கம் வேண்டாம், நானும் அப்படித்தான் கேட்டேன். பிரேக் ஒயிலும் போட் ஒயிலும் இதற்குள் போகக்கூடாது. மேடு ஏறும்போது ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடிக்காதீர்கள்.

இவர் போன பிறகு ஊரில் எல்லோரும் என்னிடம் மெதுவாகத்தான் கதைத்தார்கள், நான் உடைந்துவிடுவேன் என்பது போல. அன்று சந்தியில் அண்ணன் போட்ட சத்தம் எனக்கு அதனால்தான் பிடித்தது.

மணல்காடு பார்க்க வருகிறவர்கள் வெயில் ஏறுமுன் வாருங்கள், தண்ணீர் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலை பூசை, அன்று மட்டும் ஓட்டமில்லை. வந்து நின்று டிரைவர் எங்கே என்று தேடாதீர்கள். நான்தான்.